வேகமும் எஞ்சினும் மைலேஜும்: வாசகர் கேள்விகள்

கே: 80 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் மைலேஜ் 110-ல் ஏன் கிடைப்பதில்லை? இரண்டுமே டாப் கியர்தானே?

காற்றுதான் காரணம். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கக் கணக்கில் (வேகம் × வேகம்) ஏறும். 80-ல் இருப்பதைவிட 100-ல் அது சுமார் 56 சதவீதம் அதிகம். 120-ல் இரண்டேகால் மடங்கு. டயர் உருள்வதற்கான எதிர்ப்பு அவ்வளவாக மாறாது என்பதால் மொத்தச் செலவு இதே அளவுக்கு ஏறுவதில்லை. ஆனாலும் டேங்கில் நன்றாகவே தெரியும். 100 கி.மீ. தூரத்துக்கு 80-ஐ விட்டு 100-ல் போனால் 15 நிமிடம் மிச்சம். 100-ஐ 120 ஆக்கினால் மிச்சம் 10 நிமிடம்தான்; காற்றோடு போராடக் கூடுதலாக எரிப்பதோ முந்தையதைவிட அதிகம். கூரையில் கேரியர் இருந்தால், சுமை இல்லாத நாட்களில் கழற்றி வையுங்கள். வெறும் கேரியரும் காற்றைத் தடுக்கும்.

கே: அப்படியானால் 40-ல் போனால் இன்னும் சிக்கனமா?

பெட்ரோல், டீசல் கார்களில் இல்லை. எஞ்சினின் உள் உராய்வும் ஏசியும் ஓடும் நேரத்துக்கெல்லாம் எரிபொருள் கேட்கும். மெதுவாகப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு அந்த நேரம் நீளும். பெரும்பாலான கார்களுக்கு 60 முதல் 80 வரை, டாப் கியரில், திணறாமல் ஓடும் வேகமே நல்லது. அதற்காக 40-லேயே டாப் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். வண்டி அதிர்ந்தால் உடனே ஒரு கியர் குறையுங்கள்.

கே: இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா?

கூடாது. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செலுத்துவதே நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்கே (ஐடில்) எரிபொருள் தேவை. கியரில் இருக்கும் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் (எஞ்சின் பிரேக்கிங்) போய்விடும், பிரேக் சூடேறி வலுவிழக்கும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

கே: தினமும் 5 கி.மீ. மட்டுமே நகருக்குள் ஓட்டுகிறேன். டீசல் வாங்கலாமா?

வேண்டாம். டீசலின் சிக்கனம் உண்மையானது: எஞ்சின் காற்றை அழுத்தும் விகிதம் அதிகம், காற்று உள்ளே போவதைத் திராட்டில் (காற்று வழியைக் குறுக்கும் மூடி) நெரிப்பதில்லை, ஒரு லிட்டரில் உள்ள ஆற்றலும் பெட்ரோலைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல். ஆனால் புகைபோக்கியில் உள்ள புகைக்கரி வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரிக்க, எஞ்சின் நன்றாகச் சூடாகிச் சற்று நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். 5 கி.மீ. ஓட்டத்தில் அது நடக்காது. வடிகட்டி அடைக்கும், கரியை எரிக்கும் முயற்சி பாதியில் நிற்பதால் எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து, ஆயில் மட்டம் உயரவும் கூடும். உங்களுக்கு எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் பொருந்தும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை அது பேட்டரிக்குத் திருப்புவதால், நின்று நின்று போகும் சாலையில்தான் அதன் பலன் அதிகம்.

கே: சிறிய டர்போ பெட்ரோல் கார், சொன்ன மைலேஜ் தருவதில்லையே?

மென்மையாக ஓட்டினால்தான் தரும். அழுத்தி ஓட்டினால் டர்போ எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும், அதற்கேற்பப் பெட்ரோலும் போகும். முழுச் சுமையில் வெப்பத்தைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின்களும் உண்டு.

கே: டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பலாமா?

ஒப்பிட்டுப் பார்க்க உதவும், கணக்குக்குப் போதாது. பம்பின் குழாய் தானாக நிற்கும்வரை (ஆட்டோ கட்) நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறையும் ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். 480 கி.மீ., 32 லிட்டர் என்றால் 15. ஒரே பம்பில் 3 முறை செய்து சராசரி எடுங்கள். டயர் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.