ரெசின் பாறை ஏன் பிரெட் மாதிரி உப்புது? மாடல் ரயில் கேள்வி பதில்

கே: எச்ஓ ஸ்கேல் (1:87, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு) மாடல் ரயில் லேஅவுட்டுக்கு ஒரு நிஜக் கல்லை வச்சு சிலிகான் மோல்டு எடுத்து பாலியூரிதேன் ரெசின் ஊத்துறேன். முதல் ரெண்டு பாறை அருமையா வந்துச்சு, மூணாவது பிரெட் மாதிரி உப்பி உள்ள பூரா ஓட்டை. ரெசின் கெட்டுப்போச்சா?

ப: கெடல, ஈரம் சேர்ந்திருக்கு. இந்த ரெசின்ல ரெண்டு பாட்டில் வருதில்ல, அதுல ஒண்ணுல இருக்கற ஐசோசயனேட்டுக்கு தண்ணி பட்டாப் போதும், கார்பன் டை ஆக்ஸைடு கிளம்பி நுரைச்சுக்கும். பேப்பர் கப், மரக்குச்சி ரெண்டுலயும் ஈரம் ஒளிஞ்சிருக்கும், பிளாஸ்டிக் கப்புக்கு மாறுங்க. மூணாவதுக்கு மட்டும் கலர் கலந்தீங்களோ? தண்ணில கரையற அக்ரிலிக்னா அதேதான் காரணம். நான் ஒரு தடவை மோல்டை சோப்பு போட்டு கழுவி, நல்லா துடைச்சாச்சுன்னு நெனச்சு ஊத்திட்டேன், இடுக்குல ரெண்டு சொட்டு நின்னிருக்கு போல, என் சுரங்க வாசல் ஸ்பாஞ்ச் கேக் மாதிரி எந்திரிச்சு வந்துச்சு. அதுலேர்ந்து ஒரு ராத்திரி காய வைக்காம ஊத்தறதே இல்ல. ஆனா குண்டூசித் தலை அளவு ஓட்டை அங்கங்க இருந்தா அது ஈரம் இல்ல, வெறும் காத்து. முதல்ல பிரஷ்ஷால மெல்லிசா ஒரு கோட் தடவிட்டு, அப்புறம் ஒரே மூலைலேர்ந்து நூல் மாதிரி ஊத்துங்க. சில ரெசின் 3 நிமிஷத்துலயே கெட்டியாகிடும், அதனால போன் வந்தா எடுக்காதீங்க.

கே: மோல்டு எடுக்க ஊத்தின சிலிகான் மத்த இடமெல்லாம் ரப்பரா ஆயிடுச்சு, கல்லைச் சுத்தி வச்ச களிமண் பட்ட ஓரம் மட்டும் ரெண்டு நாளாகியும் பிசுபிசுன்னே இருக்கு?

ப: உங்க சிலிகான் பிளாட்டினம் வகையா (பிளாட்டினத்தால இறுகறது) இருக்கணும். மாடலிங் களிமண்ல கந்தகம் இருந்தா இந்த சிலிகான் செட் ஆகவே ஆகாது, லேட்டக்ஸ் க்ளவுஸ் பட்டாலும் இதே கதைதான். ரெண்டு நாள் இல்ல, ரெண்டு மாசம் வச்சாலும் காயாது, சுரண்டி எறிஞ்சிடுங்க. கந்தகம் இல்லாத களிமண் வாங்குங்க, இல்லன்னா டின் வகை (தகரத்தால இறுகற) சிலிகான் எடுங்க, கையில நைட்ரைல் க்ளவுஸ்.

கே: ஒரே மோல்டுல பத்து பாறை போட்டேன், வரிசையா வச்சா பத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு.

ப: இதுக்கு பத்து மோல்டு செய்யச் சொல்லுவாங்க, கேக்காதீங்க. ஒண்ணை தலைகீழா வைங்க, ஒண்ணை ரெண்டா உடைங்க, ஒண்ணுல பாதி அளவுதான் ஊத்துங்க. என் ஃபேவரைட் வேற: ரெசின் முழுசா இறுகறதுக்கு முன்னாடி, தோல் செருப்பு மாதிரி வளையற பதத்துல உருவி எடுத்து, மலை வளைவு மேலயே போர்த்தி கையால அழுத்திப் பிடிச்சுக்கோங்க, அந்த வளைவுலயே இறுகிடும், மறுபடி அதே பாறைன்னு யாருக்கும் தெரியாது. பாறையோட அடுக்கு கோடு மட்டும் எல்லாத்துலயும் ஒரே பக்கமா சாயணும், அது மாறினா நிஜ மலை பாத்தவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. 1:87ல 6 மீட்டர் பாறை 7 சென்டிமீட்டர்கூட வராது, அதனால 20 மில்லிமீட்டர் மனுஷ பொம்மை ஒண்ணை பக்கத்துல நிக்க வச்சுப் பாத்துட்டு ஒட்டுங்க. பெயிண்டுக்கு முன்னாடி சோப்புத் தண்ணில கழுவலன்னா மோல்டு எண்ணெய்ல பிரைமர் உரிஞ்சு வரும். ராவும்போது மாஸ்க் போடுங்க, அந்தத் தூசி நல்லதில்ல.

கே: லேஅவுட்ல ஆத்துத் தண்ணியா தெரிய எப்பாக்ஸி ரெசின் ஊத்தினா ஓரத்துல கரை மேல ஏறி நிக்குது?

ப: எல்லாருக்கும் ஏறும், கரை மண்ணு உறிஞ்சி மேல இழுக்குது. கரையை முன்னாடியே வார்னிஷ் அடிச்சு மூடுங்க, ஏறின இடத்துல காஞ்சதும் மேட் வார்னிஷ் தடவி கொஞ்சம் புல் தூவிடுங்க. ஒரே தடவைல ஆழமா ஊத்தினா சூடேறி வெடிப்பு விடும், 3 மில்லிமீட்டர் ஊத்தி காஞ்சப்புறம் அடுத்தது. பலகையோட ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, அடில எங்கயாவது ஆணி ஓட்டை இருக்கான்னு முதல்ல தண்ணி விட்டுப் பாத்து நல்லா காய வச்சுக்கோங்க, இல்லன்னா காலைல உங்க ஆறு தரையில கிடக்கும்.