போன வருட மாடல் கார் விற்காவிட்டால் டீலர் என்ன செய்வார்?

புது மாடல் வந்த பிறகும் ஷோரூமில் விற்காமல் நிற்கும் முந்தைய வருடக் கார், தேங்கிய சரக்கு. கார் புதுசுதான், யார் பெயரிலும் பதிவாகவில்லை. மாடல் வருடம் மட்டும் பழசு. ஜனவரி தாண்டிய காலண்டர் மாதிரி: தாளிலும் அச்சிலும் குறையில்லை, ஆனால் முழு விலை கொடுத்து யார் வாங்குவார்?

டீலர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் கம்பெனியிடமிருந்து கார் எடுக்கிறார். அது நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. அதனால் லாபத்தைக் குறைத்தாவது தள்ளிவிடப் பார்ப்பார். கம்பெனியும் பல சமயம் அவருக்குத் தனியாக ஊக்கத்தொகை கொடுக்கும். பெரிய தள்ளுபடிகளின் சூட்சுமம் அதுதான். அப்படியும் போகவில்லையா? அதே நிறம் தேடும் வேறு டீலருக்கு மாற்றிவிடுவார், இல்லையென்றால் டெஸ்ட் டிரைவ் வண்டியாக்குவார். கடைசி வழி ஏலம்.

வாங்கப் போகிறவர் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண் இருக்கும்; 2324 என்றால் அந்த டயர் 2024-ன் 23-வது வாரத்தில் தயாரானது. மாதக்கணக்கில் அசையாமல் நின்ற காரில் டயரின் தரை தொடும் இடம் தட்டையாகலாம், பேட்டரியும் இறங்கியிருக்கும். புது பேட்டரி கேளுங்கள், கூச்சமே வேண்டாம். பின்னால் விற்கும்போது மாடல் வருடத்தை வைத்துத்தான் விலை பேசுவார்கள் என்பதால், தள்ளுபடி அந்த இழப்பையும் ஈடுகட்ட வேண்டும்.

விற்காத காரைக் கம்பெனியே திரும்ப எடுத்து நசுக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமாக அப்படி நடப்பதில்லை, டீலருக்குக் கொடுத்தபோதே கம்பெனி அதை விற்றாகிவிட்டது.