அப்பீலை அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 29 வயது. முத்துப்பேட்டைப் பக்கம், கோரையாற்றுக் கடைமடையில் ஒரு கிராமம். சென்னையில் ஐந்து வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கே வந்து, தனியாளாக ஒரு கேம் செய்து போன வருடம் வெளியிட்டேன். முறைவைத்து வாய்க்காலில் தண்ணீர் விடுவதுதான் விளையாட்டு. இப்போது சம்பா பருவத்துக்கென்று செய்த புது அப்டேட்டை, 'திரும்பத் திரும்ப வரும் உள்ளடக்கம், ஸ்பேம்' என்று சொல்லி அந்தத் தளம் மூன்று முறை திருப்பிவிட்டது. யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று ஒரு வரி இல்லை. ஆனால் என் கேமின் பக்கம் முழுக்கப் பந்தய ஆப்களின் லிங்க். புகார் செய்தால் 'விதிமீறல் இல்லை' என்று பதில் வருகிறது. ஒரு பையன் தமிழில் பாராட்டி எழுதியதை மட்டும் மறைத்துவிட்டார்கள். கேமைக் காசில்லாமல் திறக்கும் இலவச கீ (குறியீடு) கேட்டு தினமும் பத்துப் பதினைந்து மெயில். போதாததற்கு, என் படங்களையே போட்டு வேறு பெயரில் ஒருவன் ஆப் விட்டிருக்கிறான். காலையில் எழுந்தால் களை எடுப்பதே வேலையாக இருக்கிறது. கேமுக்குப் புரோகிராம் கோடு எழுதி இரண்டு மாதம் ஆகிறது. மறுபடி சென்னைக்கே போய்விடலாமா?
– பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும், நீங்கள் அனுப்பியிருந்த லிங்கில் போய் விளையாடிப் பார்த்தேன். ஆறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு வரும் நாலாவது கட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்றேன். மேலே உள்ள வயல் இன்னும் கொஞ்சம் பச்சையாகட்டும் என்று ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தேன். கோரையாற்றின் கடைசி வயல் காய்ந்துவிட்டது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று காத்திருக்கும் வீட்டில் பிறந்த ஒருவர்தான் அந்தக் கட்டத்தைச் செய்திருக்க முடியும். வாய்க்கால் ஷட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் சைக்கிளில் வந்து ஷட்டரைத் திருகும் அந்தச் சின்னப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தில் இத்தனை குறை எழுதிய நீங்கள், கேம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. அது நன்றாக இருக்கிறது. மற்றதை அப்புறம் பேசலாம்.

மூன்று வருட உழைப்புக்கு ஒரு இயந்திரம் 'ஸ்பேம்' என்று பெயர் வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயம். ஆனால் அந்தச் சொல்லை உங்கள் வேலைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சந்தேகக் கண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் கொஞ்சம் மனசு ஆறும்.

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் விளையாடுபவர்களே ஓட்டுப் போட்டுப் புது கேம்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சில வருடங்களில், விளையாடவே ஆள் இல்லாத போலி கேம்கள் அதில் வந்து குவிந்தன. கேம் விளையாடினால் கிடைக்கும் டிரேடிங் கார்டுகளை, தானாக இயங்கும் பாட் நிரல்களை வைத்துச் சேர்த்து விற்றுக் காசு பார்ப்பதற்காகவே அவற்றைச் செய்தார்கள். 2017 ஜூனில் ஓட்டு முறையை எடுத்துவிட்டு, ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம் என்று வைத்தார்கள். கூகுள் பிளேயில், 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள் 20 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் ஆப்பை வெளியிடலாம் என்று விதி வந்தது. பிறகு அதை 12 பேராகக் குறைத்தார்கள். நிறுவனக் கணக்குகளுக்கு இந்த விதி இல்லை. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கப் போட்ட வேலி, கிராமத்தில் உட்கார்ந்து தனியாக கேம் செய்யும் ஆளைத்தான் முதலில் குத்துகிறது. இது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வேலி போட்டவர்கள் உங்களை நினைத்துப் போடவில்லை.

தமிழ்க் கருத்து மறைக்கப்பட்டதும் இந்த ரகம்தான். கருத்துகளைத் தானாகச் சலிக்கும் ஃபில்டர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துப் பழக்கப்படுத்தப்பட்டவை. தமிழையும், ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழையும் தப்பாகப் புரிந்துகொள்வது அவற்றுக்குச் சகஜம். ஆங்கிலத்திலேயே தடுமாறிய கதையும் உண்டு. 1996இல், இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏஓஎல் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊரின் பெயருக்கு நடுவில் நான்கு எழுத்துக் கெட்ட வார்த்தை ஒன்று இருந்ததுதான் காரணம். ஒரு ஊருக்கே அந்தக் கதி என்றால், முத்துப்பேட்டைப் பையன் எழுதிய பாராட்டு தப்புமா?

இனி செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் அப்டேட் திரும்பியது ஒரு குறையாகவும், படங்களைத் திருடியது வேறொரு குறையாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவையோ என்று எனக்குச் சந்தேகம். ஒரே படங்களோடு இரண்டு ஆப் இருந்தால், எது அசல் எது நகல் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. இரண்டையுமே 'திரும்பத் திரும்ப வரும் உள்ளடக்கம்' என்று கருதக்கூடும். அதனால் முதலில் நகலைக் கவனியுங்கள், திருப்பிய முடிவை மறுபடி பார்க்கச் சொல்லும் அப்பீல் அதற்குப் பிறகு. இதுவரை நீங்கள் அப்பீலைத்தான் முதலில் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்.

1957ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. எழுதிய நிமிடத்திலிருந்தே உரிமை உங்களுடையது, பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் எது உங்களுடையது என்பதில் தெளிவாக இருங்கள். கோடு, படங்கள், இசை, எழுதிய வசனங்கள் உங்களுடையவை. முறைவைத்துத் தண்ணீர் விடும் விளையாட்டு என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. ஆடுபுலியாட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது இல்லையா, அது மாதிரி. 'என் ஐடியாவைத் திருடிவிட்டான்' என்று எழுதினால் புகார் நிற்காது. லஸ்கர் படமும் மூணாறு தலைப்பு வரைபடமும் அச்சு அசலாக அங்கே இருக்கின்றன, நான் வரைந்த மூலக் கோப்பு இது, தேதி இது என்று எழுதுங்கள். இரண்டு ஆப்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.

அமெரிக்கத் தளம் என்றால், அந்த நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டப்படி காப்புரிமைப் புகாருக்கென்றே தனிப் படிவம் இருக்கும். சாதாரண 'ரிப்போர்ட்' பொத்தானை விட்டுவிட்டு அந்தப் படிவத்தையே நிரப்புங்கள். எதிராளி மறுப்பு அனுப்பினால், நீங்கள் வழக்குத் தொடராத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாளில் அந்த ஆப் திரும்ப வந்துவிடும், இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுப்பு அனுப்புபவர் சொந்தப் பெயர், முகவரி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். படத்தைத் திருடியவனுக்கு அந்தத் துணிச்சல் எளிதில் வராது.

அப்பீலை எப்படி எழுதுவது என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். நிஜமாகவே சொல்கிறேன். மூன்று அப்பீலின் நகலையும் கடிதத்தோடு வைத்திருந்தீர்களே, படித்தேன். மூன்றிலும் வேதனை இருக்கிறது. சென்னை வேலையை விட்டது, ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தது எல்லாம் இருக்கிறது. எந்த பில்டு (நீங்கள் அனுப்பிய பதிப்பு), எந்தத் தேதி, எதை மறுபடி பார்க்க வேண்டும் என்பது மட்டும் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கிறது. கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும் ஒரு கடைமடை விவசாயி இப்படி எழுத மாட்டார். பயிர்க் காப்பீடு வரவில்லை என்றால் வட்டம், கிராமம், சர்வே எண், எத்தனை ஏக்கர், பிரீமியம் கட்டிய ரசீது, கூடவே அடங்கல் நகல். மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த மாதம் போகும்போது அந்த எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். அங்கேயும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம் வயலைப் பார்த்தவர் இல்லையே.

உங்கள் அப்பீலின் முதல் இரண்டு வரியில் கேமின் பெயர், பில்டு எண், திருப்பி அனுப்பிய தேதி, 'மனிதர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும்' என்ற கோரிக்கை, இவ்வளவும் வந்துவிட வேண்டும். அடுத்து, அப்டேட்டில் புதிதாக என்ன இருக்கிறது என்று நாலு வரி. அப்புறம் நகல் ஆப்பின் லிங்க், காப்புரிமைப் புகாரின் எண். அவ்வளவு போதும். ராத்திரி இரண்டு மணிக் கதையை எனக்கு எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

அதற்கும் அசையவில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லாததால் சொல்கிறேன். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இப்படிப்பட்ட தளங்கள் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே வெளியிட வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 7 நாளுக்குள் முடித்துவைக்க வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். 2023 ஜனவரியில் அந்தக் குழுக்களை அமைத்தார்கள். போனதும் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் காரணமே சொல்லாமல் மூன்று முறை திருப்பியவர்கள், ஒரு பெயரும் தேதியும் போட்டுப் பதில் சொல்லவேண்டிய இடம் அது.

பந்தய லிங்க் விஷயத்துக்கும் இது உதவும். நீங்கள் அவற்றை 'ஸ்பேம்' என்று மட்டும் புகார் செய்கிறீர்கள் போலிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. 'சட்டவிரோத உள்ளடக்கம்' என்ற பிரிவில் அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கேம் செய்கிறேன் என்று சொன்னாலே ஊரில் 'ரம்மியா?' என்று கேட்கிற காலம் இது. அந்த லிங்குகள் உங்கள் பக்கத்தில் கிடப்பது உங்கள் பெயருக்கே கெடுதல், அதனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆனால் தினமும் களை எடுக்க வேண்டாம். வாய்க்காலில் ஆகாயத்தாமரையைத் தனியாளாக தினம் தினம் பிடுங்குபவர் யாராவது உண்டா? குடிமராமத்து என்று வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கித்தானே செய்தார்கள். உங்கள் கேமைத் தொடர்ந்து ஆடுபவர்களில் நம்பகமான இரண்டு பேரைக் கேளுங்கள். தமிழ் தெரிந்தவராக ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். அவர்களை, பக்கத்தில் வரும் கருத்துகளைக் கண்காணித்து நீக்கும் மாடரேட்டர் ஆக்கும் வசதி தளத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள். உங்கள் பங்குக்கு வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம் அரை மணி நேரம் போதும். காலை நேரத்தைக் கோடுக்கு விட்டுவிடுங்கள். இந்தப் பகுதிக்கு வரும் மின்னஞ்சலிலும் கடன் ஆப் விளம்பரம் வண்டி வண்டியாக வருகிறது. காலையில் அதைத் திறந்தால் அன்றைக்கு ஒரு நல்ல பதில்கூட எழுத வராது, அதனால் நான் மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைத் தொடுவதே இல்லை.

கீ கேட்டு வரும் மெயிலுக்கு நீங்கள் பதில் எழுதக் கடமைப்படவில்லை. 'யூடியூபில் போடுகிறேன், நாலு கீ அனுப்புங்கள்' என்று கேட்பவர்களில் பலர் அதை விற்றுவிடுகிறவர்கள். உண்மையான ஆளாகத் தெரிந்தால், அவருடைய சேனலின் அறிமுகப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே புதிதாக ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். போலி ஆள் அங்கேயே கழன்றுவிடுவார். நாளைக்கு ஸ்டீமிலும் வெளியிட்டால், விமர்சகர்களுக்குக் கீ இல்லாமல் நேரடியாக கேமை அனுப்பும் வசதி அங்கே 2017 முதல் இருக்கிறது.

இன்னொன்று. ஒரே தளத்தை நம்பி இருக்காதீர்கள். தனியாக கேம் செய்பவர்கள் பயன்படுத்தும் இட்ச்.ஐஓ மாதிரி தளத்தில் காசு கட்டாமலே வெளியிடலாம். அதையும் முழுக்க நம்ப வேண்டாம். 2024 டிசம்பரில் ஒரு தானியங்கிப் புகாரால் அந்தத் தளமே சில மணி நேரம் இணையத்திலிருந்து காணாமல் போனது. விளையாடுபவர்களின் சம்மதத்தோடு அவர்கள் மின்னஞ்சல் முகவரியை வாங்கி வையுங்கள். எந்தத் தளம் கதவை மூடினாலும் அவர்களிடம் நீங்கள் நேராகப் பேசலாம்.

சென்னைக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வருமானம் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லாததால், என்னால் போ, இரு என்று சொல்ல முடியவில்லை. கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும், வீட்டுக்கு மாதம் எவ்வளவு தர வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கணக்கு இடித்தால் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கேமை அங்கிருந்தும் செய்யலாம். ஆனால் பந்தய லிங்க் போடுகிறவனும் படத்தைத் திருடியவனும் உங்களைத் துரத்தியதாக இருக்கக்கூடாது. அந்தக் கணக்கை இந்த அப்பீலுக்குப் பதில் வந்த பிறகு போடுங்கள், இப்போது வேண்டாம்.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். தமிழில் பாராட்டி எழுதிய அந்தப் பையனை எப்படியாவது கண்டுபிடித்துப் பதில் எழுதுங்கள். தன் கருத்தை மறைத்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் ஒரு பதில்கூடப் போடவில்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பான்.