நிமோனியாத் தடுப்பூசி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு மூன்று தவணையும் தவறாமல் போட்டோம். இருந்தும் இரண்டு வயதில் நிமோனியா வந்துவிட்டது. அப்படியானால் ஊசியால் என்ன பயன்?

பதில்: நிமோனியா ஒரே கிருமியால் வரும் நோயன்று. ஆர்எஸ்வி போன்ற வைரஸ்களாலும் பலவகை பாக்டீரியாக்களாலும் அது வரும். அவற்றுள் குழந்தைகளின் உயிரை அதிகம் பறித்து வந்தவை நியூமோகாக்கஸ், ஹிப் என்னும் இரண்டு பாக்டீரியாக்கள். நியூமோகாக்கஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், கடும் நோயை மிகுதியாக உண்டாக்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்தே ஊசியைத் தயாரிக்கிறார்கள். ஆகவே உங்கள் மகனுக்கு வந்தது ஊசிக்குள் அடங்காத கிருமியால் வந்ததாக இருக்கலாம். அதை வைத்து ஊசியே வீண் என்று முடிவுகட்டுவது சரியன்று. தட்டம்மையும் கக்குவானும் முற்றினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்பதால், அவற்றுக்கான ஊசிகளையும் நான் நிமோனியாத் தடுப்பூசிகள் என்றே கணக்கில் சேர்ப்பேன்.

கேள்வி: அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த ஊசி இலவசமா? எப்போது போட வேண்டும்?

பதில்: இலவசம்தான். 2017-இல் இமாச்சலப் பிரதேசம் உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கிய நியூமோகாக்கல் ஊசித் திட்டம் 2021-இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது. பிறந்து 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணைகள். ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து, 6, 10, 14 வாரங்களில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே அடங்கியிருக்கிறது. ஒரே நாளில் இடது தொடையில் பென்டாவேலன்டும் வலது தொடையில் நியூமோகாக்கல் ஊசியும் போடுவதைக் கண்டு பெற்றோர் சிலர், ஒன்றை அடுத்த மாதம் போடலாமா என்று செவிலியரிடம் கெஞ்சுவதுண்டு. அது வேண்டாம், தள்ளிப்போடும் வாரங்களில்தான் பச்சிளங்குழந்தை பாதுகாப்பின்றி இருக்கும்.

கேள்வி: சளி இருக்கும்போது போடலாமா?

பதில்: இலேசான சளி தடையன்று. கடுமையான காய்ச்சல் இருந்தால் மட்டும் தணியும்வரை பொறுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது, நீண்டநாள் சர்க்கரை நோயாளி. அவருக்கும் ஊசி தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. பேரனின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளில்கூடத் தாத்தாவின் ஊசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சர்க்கரை, ஆஸ்துமா, நாள்பட்ட இதய, சிறுநீரக நோய்கள் உள்ளோருக்கும், மண்ணீரல் அகற்றப்பட்டோருக்கும், புகைப்பிடிப்போருக்கும் ஆபத்து அதிகம். வழக்கமாக முதலில் நியூமோகாக்கஸின் 13 வகைகளுக்கான கான்ஜுகேட் (கிருமியின் மேலுறைப் பகுதியைப் புரதத்துடன் இணைத்துத் தயாரிக்கும்) ஊசியையும், ஓராண்டு கழித்து 23 வகைகளுக்கான ஊசியையும் போடுவோம். 20 வகைகளுக்கான புதிய ஊசி கிடைத்தால் அதுவொன்றே போதும். இவற்றுடன் ஆண்டுதோறும் இன்ஃபுளுயென்சா ஊசியும் வேண்டும். ஃபுளூ வைரஸ் மூச்சுப்பாதையின் உட்பூச்சைச் சிதைத்துவிடுவதால், மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் நியூமோகாக்கஸ் எளிதாக நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது.

கேள்வி: ஊசி போட்ட குழந்தைக்கு இருமல் வந்தால் எதைக் கவனிப்பது?

பதில்: குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, ஊசி போட்டாயிற்றே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.