வலி இல்லை, ஓட முடிகிறது... கபடி ஆடலாமா?

கேள்வி: எனக்கு 20 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கபடி அணியில் ரெய்டர், அதாவது பாடிப் போகிறவள். ஐந்தரை மாதங்களுக்கு முன் இடது முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வலி இல்லை, மைதானத்தைச் சுற்றி ஓடுகிறேன். ‘ஆறு மாசம் ஆனதும் ஆடலாம்’ என்றார் டாக்டர். அடுத்த மாதம் மண்டலப் போட்டி. சர்டிபிகேட் கிடைத்தால் வேலைக்கு உதவும். ‘முட்டிக்கு நீ-கேப் உறை போட்டுக்கிட்டு இறங்கு’ என்கிறார் கோச். ஆனால் சட்டென்று திரும்பினால், அன்று கேட்ட ‘டப்’ சத்தம் மறுபடி கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இது வெறும் மனப்பிரமையா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அடுத்த மாதம் வேண்டாம், தங்கச்சி. முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

வலி போய்விட்டது என்பதை வைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெரும்பாலும் இந்த ஆபரேஷனில், உங்கள் உடம்பிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் பொருத்துவார்கள். பொருத்தும்போது அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. புது ரத்தக்குழாய்கள் உள்ளே வளர்ந்து, அது கொஞ்சம் கொஞ்சமாக ஜவ்வாக மாற வேண்டும். அப்படி மாறுகிற முதல் சில மாதங்களில், வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். வீக்கமும் வலியும் வடிவது அதே சமயத்தில்தான்! முழுதாகப் பக்குவப்பட ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகும். நேராக ஓடுவது அதற்குப் பெரிய வேலையே இல்லை. எதிரணிப் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் போனஸ் கோட்டில் கால் வைத்து, ஓரத்தில் நிற்கும் கார்னர்காரி கணுக்காலைப் பிடித்த நொடியில் உடம்பை நடுக்கோட்டுப் பக்கம் திருப்புவீர்களே, அதுதான் வேலை. பாதம் ஆட்ட விரிப்பில் நிற்கும், தொடை திரும்பும், நடுவில் மாட்டுவது முட்டி. நீ-கேப் உறை அந்தத் திருகலைத் தடுக்காது. கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

2016-ல் வந்த நார்வே ஆய்வு ஒன்றில், ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. உங்கள் வயதில் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு மறுபடி ஜவ்வு அறுகிறது, சிலருக்கு நல்ல காலில்! லிவர்பூல் கால்பந்து வீரர் வான் டைக்குக்கு 2020 அக்டோபரில் முட்டி ஜவ்வு போனது. அடுத்த ஜூனில் யூரோ கோப்பை. அவர் நெதர்லாந்து கேப்டன். போக மாட்டேன் என்று மே மாதமே சொல்லிவிட்டார். உங்களுக்கு மண்டலப் போட்டி அடுத்த வருடமும் வரும்.

பயத்துக்கு வருவோம். பாதிக் காரணம் உங்கள் தொடையில் இருக்கலாம். முட்டிச் சில்லுக்கு ஒரு சாண் மேலே இரண்டு தொடைகளையும் டேப்பால் அளந்து பாருங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஒற்றைக் காலில் எழுந்து பாருங்கள், வலது காலில் முதலில், அப்புறம் இடது காலில். இடது தொடை மெலிந்திருந்தால், எழும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால், முன்தொடைத் தசை இன்னும் தேறவில்லை. பயம் உண்மையைத்தான் சொல்கிறது. இடது கால் பலத்திலும் ஒற்றைக்கால் தாவலிலும் வலது காலின் அளவில் 90 சதவீதத்தையாவது தொட வேண்டும். தாவிப் பார்ப்பதை மட்டும் பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்யுங்கள், வீட்டு மொட்டை மாடியில் வேண்டாம்.

மீதிப் பாதி மனசு. அது ஆறுதல் பேச்சில் போகாது, படிப்படியாக ஆடித்தான் போகும். முதலில் முன்கூட்டியே தெரிந்த திசையில் திரும்புங்கள். பிறகு ஒருவர் கை காட்டும் பக்கம் சட்டென்று திரும்புங்கள். அப்புறம் யாரும் தொடாமல் பாடிப் போய் வாருங்கள். அதன் பிறகு, நீங்கள் நம்பும் தோழி ஒருத்தியைக் கணுக்காலை லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு படி ஏறிய மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். முழுப் பயிற்சியில் சில வாரம் தாங்கிய பிறகுதான் போட்டி. ரியோ ஒலிம்பிக்கில் 2016-ல் முட்டி போய் ஸ்ட்ரெச்சரில் வெளியேறிய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2018-ல் காமன்வெல்த், ஆசிய விளையாட்டு இரண்டிலும் தங்கம் வாங்கினார்.

டாக்டர் சொன்ன ‘ஆறு மாசம்’ பயிற்சிக்கா, போட்டிக்கா என்று அடுத்த முறை கேளுங்கள். பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் கோச்சிடம் காட்டவும் வசதி.