இருவர் எழுதிய தொடர் ஒரு நாவலாக வேண்டும்

கேள்வி: நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு வார இதழில் தொடர்கதை எழுதினோம். ஒற்றைப்படை அத்தியாயங்கள் என்னுடையவை, இரட்டைப்படை அத்தியாயங்கள் அவளுடையவை. ஒருவர் கதையை எங்கே நிறுத்துகிறாரோ அங்கிருந்து மற்றவர் தொடர்வது எங்கள் வழக்கம். மொத்தம் 52 அத்தியாயங்கள். இப்போது ஒரு பதிப்பகம் இதை நாவலாக வெளியிட முன்வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, முழுவதையும் ஒரே நடையில் திருத்தித் தரச் சொல்கிறார்கள். நான் வேலையைத் தொடங்கிய பிறகு தோழியிடம் சொன்னேன். தன் அத்தியாயங்களில் நான் கைவைக்கக் கூடாது, தானே திருத்திக்கொள்வேன் என்கிறாள். அவரவர் பகுதியை அவரவர் திருத்தினால் போதுமா? எங்கிருந்து தொடங்குவது? — ஒரு வாசகி

பதில்: போதாது. அவரவர் பகுதியை அவரவரே திருத்திக்கொள்வது நியாயமான ஏற்பாடாகத் தோன்றும். இருவருக்கும் இடையே மனத்தாங்கல் வராது என்ற வசதியும் அதில் உண்டு. ஆனால் மாறி மாறி எழுதப்பட்ட ஒரு தொடரின் பெரிய குறைகள் தனித்தனி அத்தியாயங்களுக்குள் இருப்பதைவிட, ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில்தான் அதிகம் இருக்கும். ஏழாம் அத்தியாயத்தில் நீங்கள் போட்ட முடிச்சை எட்டாம் அத்தியாயத்தில் தோழி கவனிக்காமல் கடந்து போயிருப்பார். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள் அதை நினைவூட்ட முயன்றிருப்பீர்கள். அதற்குள் அவர் வேறொரு முடிச்சைப் போட்டிருப்பார். இந்தக் குறை யாருடைய கணக்கில் சேரும்? இருவரும் தத்தம் பக்கங்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மெருகேற்றினால், இத்தகைய குறைகள் யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போய்விடும்.

அதே வேளையில், உங்கள் தோழியின் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவரிடம் கலந்து பேசுவதற்கு முன்பே நீங்கள் திருத்தத் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அது முறையன்று. 'ஒரே நடையில்' என்று பதிப்பகம் சொன்னது, நீங்கள் பேனாவுடன் உட்கார்ந்த அந்தக் கணத்தில், 'உங்களுடைய நடையில்' என்பதாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும். ஆகவே இதுவரை செய்த திருத்தங்களை ஓரமாக வைத்துவிட்டு, தொடராக வந்த வடிவத்தை மாற்றமில்லாமல் ஒரு பிரதியாகப் பாதுகாத்து, அதன் நகல் ஒன்றை அவருக்கும் கொடுங்கள். எது வெட்டப்பட்டாலும் மூலம் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால், வெட்டுவதைப் பற்றிப் பேசுவது யாருக்கும் எளிதாகும்.

பிறகு இருவரும் தனித்தனியே, கையில் பேனா இல்லாமல், 52 அத்தியாயங்களையும் இடைவெளி விடாமல் படித்து முடியுங்கள். வாரத்துக்கு ஒன்றாக எழுதிய நீங்கள் இதை ஒரே மூச்சில் படித்திருக்க வாய்ப்பில்லை. நாவல் வாசகர் அப்படித்தான் படிப்பார். படித்து முடித்த கையோடு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், இந்தக் கதை யாருடைய கதை, அது எதைப் பற்றியது, முடிவு ஏன் அப்படி அமைகிறது என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். 1931இல் லண்டனில் இயங்கிய துப்பறியும் கதை எழுத்தாளர்களின் கழகம் ஒன்று, ஆளுக்கோர் அத்தியாயமாக ஒரு நாவலை எழுதியபோது, ஒவ்வொருவரும் மர்மத்துக்கான விடை ஒன்றை மனத்தில் வைத்தே எழுத வேண்டும், அந்த விடையையும் அத்தியாயத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டார்கள். கதையை வேண்டுமென்றே சிக்கலாக்கிவிட்டு, அவிழ்க்கும் பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவதைத் தடுப்பதற்காகவே அந்த விதி. நீங்கள் அதை எழுதும்போது கடைப்பிடிக்கவில்லை, திருத்தும்போதாவது கடைப்பிடிக்கலாம். உங்கள் இரண்டு பக்கங்களும் ஒத்துப்போனால் நல்லது. பெரும்பாலும் ஒத்துப்போகாது, நீங்கள் அக்காவின் கதை என்று நினைத்து எழுதியதைத் தோழி தங்கையின் கதை என்று நினைத்து எழுதியிருப்பார். எது நாவல் என்று பேசித் தீர்க்காமல் ஒரு வாக்கியத்தைக்கூடத் தொடாதீர்கள். இந்தப் பேச்சு இரண்டு வாரம் இழுத்தாலும் குற்றமில்லை.

அதன் பின் ஓர் அட்டவணை தேவைப்படும். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு வரி: என்ன நடக்கிறது, எந்த நாளில் நடக்கிறது, அது முடியும்போது யாருக்கு எது தெரிந்திருக்கிறது, எது விடை தெரியாமல் தொங்குகிறது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் காலக்கணக்கை மட்டுமாவது அலட்சியம் செய்யாதீர்கள். ஆங்கில நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் 1859–60இல் தொடராக எழுதிய 'வெள்ளை உடைப் பெண்' புத்தகமாக வெளிவந்தபோது, கதையின் உயிர்நாடியான சில தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று 'தி டைம்ஸ்' நாளிதழின் மதிப்புரையாளர் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு வந்த பதிப்பில் காலின்ஸ் அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. அது ஒருவரே எழுதிய கதை. அதிலும் கதைப்பின்னலுக்குப் பேர்போனவர் எழுதியது. இருவர் எழுதியதில் பிழை இல்லாமல் இருக்கும் என்று நம்புவதற்குக் காரணமே இல்லை.

இனி குறைப்பதைப் பற்றி. மூன்றில் ஒரு பங்கு என்றவுடன் 17 அத்தியாயங்களைத் தேர்ந்தெடுத்துத் தூக்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி எண்ணினால் அதில் எத்தனை உங்களுடையவை, எத்தனை அவருடையவை என்ற கணக்குச் சண்டை அன்றைக்கே தொடங்கிவிடும். தொடருக்காக மட்டுமே எழுதப்பட்டவை எல்லா அத்தியாயங்களிலும் பரவியிருக்கும். போன வாரம் நடந்ததை நினைவூட்டும் தொடக்கப் பத்திகள், மறந்துபோயிருக்கக்கூடிய பாத்திரத்தை மறுபடி அறிமுகப்படுத்தும் வரிகள், அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்துவைக்கும் கடைசி வரிகள் ஆகிய இவற்றை நீக்கினாலே கணிசமான பக்கங்கள் போய்விடும். கதவு தட்டப்படும் ஓசையோடு அத்தியாயம் முடிந்து, அடுத்த அத்தியாயத்தில் வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரியவருவதைத் தொடரின் வாசகர் ஒருமுறை மன்னிப்பார். நாவலின் வாசகர் அடுத்த பக்கத்திலேயே ஏமாற்றத்தைக் கண்டுகொள்வதால் மன்னிக்க மாட்டார். உண்மையான திருப்பத்தில் முடியும் அத்தியாயங்கள் அப்படியே இருக்கட்டும்.

இவற்றைவிடக் கடினமானவை, நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதற்காக எழுதிய பகுதிகள். எந்தக் கூட்டுத் தொடரிலும் இவை இருக்கும். தோழி ஒரு பாத்திரத்தை ஊரைவிட்டு அனுப்பியிருப்பார். அவன் உங்களுக்குப் பிடித்தவன் என்பதால் அடுத்த வாரமே ரயிலைத் தவறவிட்டதாக எழுதித் திரும்ப அழைத்து வந்திருப்பீர்கள். அவர் விடாமல் அவனைப் படுக்கையில் தள்ளியிருப்பார். இந்த இழுபறிதான் தொடரின் சுவை என்றே பல வாசகர்கள் சொல்லியிருக்கவும் கூடும், ஏனென்றால் ஒவ்வோர் அத்தியாயத்தையும் யார் எழுதினார் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் இருவரையும்தான். நாவலில் அந்த இருவர் கண்ணில் படமாட்டார்கள். அந்தப் பாத்திரம் மட்டுமே இருப்பான், அவனோ காரணமின்றிப் போவதும் வருவதும் நோயில் விழுவதுமாக இருப்பான். இத்தகைய இடங்களில் இரண்டு தரப்பையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துச் சமரசம் செய்ய வேண்டாம். அவன் போகிறானா இருக்கிறானா என்று முடிவெடுத்து, அந்த முடிவுக்கு ஒவ்வாத முழுத் தொகுதியையும், அது எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், எடுத்துவிடுங்கள். மனம் மிகவும் நோகும் வெட்டு இதுவாகத்தான் இருக்கும்.

நடைக்கு வருகிறேன். கதையைச் சொல்பவர்கள் உண்மையிலேயே இருவராக இருந்தால், எடுத்துக்காட்டாக ஓர் அத்தியாயம் அக்காவின் வாய்மொழியாகவும் அடுத்தது தங்கையின் வாய்மொழியாகவும் இருந்தால், நடை வேறுபாட்டை அழிக்க வேண்டாம்; அதை இன்னும் கூர்மையாக்கி, பதிப்பகத்துக்கும் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். படர்க்கையில் சொல்லப்பட்ட கதையாக இருந்தால் ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். முடிந்த பிறகு மற்றவர் அதே போல முழுவதையும் திருத்த வேண்டும். உரையாடலில் யாருக்குச் செவி நன்றாக இருக்கிறதோ அவர் முதல் கையாக இருக்கலாம், அட்டவணையை மற்றவர் வைத்துக்கொள்ளலாம். உங்கள் தோழியே முதல் கை என்றால் உங்களுக்குச் சம்மதமா என்பதை முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள். சம்மதமில்லை என்றால் அவருடைய மறுப்பு உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சிறியவையாகத் தோன்றும் சிலவற்றைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதையின் அப்பாவை நீங்கள் 'அவர்' என்றும் தோழி 'அவன்' என்றும் குறிப்பிட்டிருக்கலாம். ஒருவர் பேச்சு வழக்கிலும் மற்றவர் பாதி எழுத்து வழக்கிலும் உரையாடல் எழுதியிருக்கலாம். ஒரே மனிதர் ஓரிடத்தில் 'வந்துட்டேன்' என்றும் வேறோரிடத்தில் 'வந்துவிட்டேன்' என்றும் பேசியிருக்கலாம். இரண்டு பேர் எழுதியது என்பதை வாசகருக்கு முதலில் காட்டிக்கொடுப்பவை இவைதான். பன்னிரண்டு நாற்காலிகளைத் தேடும் கதையைச் சேர்ந்து எழுதிய ரஷ்ய எழுத்தாளர்கள் இல்ஃப், பெட்ரோவ் இருவரும் ஒரு சொல் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றினால் அதைத் தள்ளிவிடுவார்கள் என்று பெட்ரோவ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்: இருவருக்குத் தோன்றியது இன்னும் நாலு பேருக்கும் தோன்றியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. உங்களிடம் அவ்வளவு கறாரை எதிர்பார்க்கவில்லை. ஆனால் கூட்டாக எழுதுவதென்றால் எளிதில் ஒத்துப்போவது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கட்டும். அட்டையில் யார் பெயர் முதலில், உரிமைத்தொகையில் யாருக்கு எவ்வளவு, கருத்து வேறுபட்டால் கடைசிச் சொல் யாருடையது, மொழிபெயர்ப்புக்கும் திரைப்படத்துக்கும் யார் ஒப்புதல் தர வேண்டும், ஒருவர் பாதியில் விலகினால் மற்றவர் தொடரலாமா என்பவை அதில் இருக்க வேண்டும். கூட்டுப் படைப்பின் உரிமையை ஒருவர் மட்டும் பிறருக்கு வழங்க முடியுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி, கூட்டுப் படைப்பின் பதிப்புரிமைக் காலம் கடைசியாக மறையும் ஆசிரியரின் இறப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே உங்கள் வாரிசுகளும் ஒருநாள் இந்தத் தாளைத் தேடக்கூடும். தொடரை வெளியிட்ட இதழ் எந்தெந்த உரிமைகளைப் பெற்றிருக்கிறது என்பதையும் பார்த்து, நூலாக்க உரிமை உங்களிடம் இருப்பதாக எழுத்துமூலம் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து அத்தியாயங்களைக் கடைசியில் திருத்துங்கள். அவற்றை எழுதும்போது முடிவு உங்கள் இருவருக்குமே தெரியாது. பின்னால் பயன்படாத பாத்திரங்களும் பின்னால் தேவைப்பட்ட பொருள்களும் அங்கே ஏறுமாறாகக் கிடக்கும். முடிவுவரை திருத்தி முடித்த பிறகு அந்த ஐந்தையும் புதிதாக எழுதுவதே மேல். அந்தப் பக்கங்களுக்காவது இருவரும் ஒரே மேசையில் உட்காருங்கள்.