மோட்டார் கணக்கு

அன்புள்ள ஐயா,

மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே நடந்த டவுன் மீட்டிங்கைப் பார்க்கப் போனேன். குடிமகன் இல்லை என்பதால் ஓட்டு இல்லாதவர்களுக்கான இடத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு தீயணைப்பு வண்டி வாங்குவதற்கு ஒரு மணி நேரம் பேச்சு. கடைசியில் ஊரே கை தூக்கி முடிவு செய்தது. குடவோலை கண்ட நம் நாட்டில் ஏன் இப்படி ஒன்று இல்லை? ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெரியம்மாவுக்குத் திதி. அவரை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

குடவோலை போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த உத்திரமேரூரை விடுங்கள். நிலமும் வேதப் படிப்பும் கேட்ட சபை அது. பெரியம்மாவை வாசலில்கூட நிற்க விட்டிருக்காது.

ஆனால் 'ஏன் இல்லை' என்று எப்படி எழுதினீர்கள்? 1992-இல் வந்த 73-ஆவது திருத்தம் கிராம சபையை அரசியல் சட்டத்திலேயே வைத்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு நான்கு கூட்டம் என்றிருந்ததை 2022-இல் ஆறாக்கினார்கள். உங்கள் ஊரிலும் நடக்கிறது. விசாரிக்காமல் இல்லை என்று சொல்லக்கூடாது.

சரி, பெரியம்மாவுக்கு வருகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன், ஓர் ஆகஸ்ட் 15. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். ஊராட்சிச் செயலர் வரவு செலவை வேகமாகப் படித்துக்கொண்டே போனார். 'மின்மோட்டார் பழுது நீக்கம்' என்று மூன்றாவது முறை வந்ததும் பெரியம்மா எழுந்தார். "எந்தத் தெரு மோட்டாருய்யா?" செயலர் எங்கள் தெருவைச் சொன்னார். "அதக் கழட்டவே இல்லியே. தெனம் விடியக்காலையில சுவிச்சு போடுறவ நாந்தான்." யாரும் பேசவில்லை. செயலர் பக்கத்தைத் திருப்பினார், மறுபடி பழைய பக்கத்துக்கே வந்தார். அந்தச் செலவு நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்திலிருந்து மோட்டார் கணக்கு தெரு வாரியாக வாசிக்கப்பட்டது. பெரியம்மா கைநாட்டு வைப்பவர்.

கிராம சபை என்றாலே எல்லோரும் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கிறார்கள். அந்தத் தலைக்கணக்குக்காகத்தான் கையெழுத்து நோட்டு நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்கே போய்விடுகிறது. வேலைக்கு வந்தவர்கள் எதற்கென்று கேட்காமல் போட்டுக் கொடுக்கிறார்கள். தீர்மானங்களோ முன்னாலேயே எழுதித் தயாராக இருக்கின்றன. கூட்டம் சேர்ந்துவிட்டதாக ஏடு சொல்லும். ஆனால் கணக்கை யாராவது உரக்கப் படித்தார்களா? ஒரு வரியையாவது நிறுத்தி, 'இது எந்தத் தெரு' என்று யாராவது கேட்டார்களா? நீங்கள் பார்த்த அந்த ஒரு மணி நேரமும் இதுதானே? கை தூக்கியது கடைசி அரை நிமிஷம். அதற்கு முன்னால் வண்டிக்கு என்ன விலை, பழையது ஏன் ஆகாது என்று கேட்டவர்கள்தான் சபை. நீங்கள் கையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அம்மா சிரிக்கிறார் என்றால் அவர் பார்த்தது நோட்டை மட்டும்தான். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. லீவில் வந்து வந்து போன உங்கள்மேல்தான். ஒரு தடவையாவது அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

அக்டோபர் 2 அன்று கூட்டம் உண்டு. முந்தின நாள் ராத்திரி அம்மாவுக்கு போன் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போகட்டும். கையெழுத்துப் போடும் முன், மோட்டார் கணக்கைத் தெரு வாரியாகப் படிக்கச் சொல்லட்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.